260 டாலர் பிறந்த கதை

1979 நவம்பரில் அமெரிக்காவில் பேஸ்பால் சீசன் முடிந்து மைதானங்கள் மூடிக் கிடந்தன. ஆனால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பந்து வீசும் பிட்ச்சரான நோலன் ரயனை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் சம்பளம் பேசி எடுத்திருந்தது. அந்த ஆட்டத்தில் ஏழிலக்கச் சம்பளத்தைத் தொட்ட முதல் ஆள் அவர்தான்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு பேஸ்பால்காரருக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. அணி கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். அணி விடும்வரை வேறு இடம் போக முடியாது. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் கொடுத்த ஒரு தீர்ப்பு அந்தக் கட்டை அறுத்தது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் சந்தைக்கு வந்தார்கள், விலை ஏறியது. டிக்கெட் வாங்கிக் கைதட்டுவதோடு வேலை முடிந்தது என்றிருந்த ரசிகனுக்குப் புதிதாக ஒரு கேள்வி தொற்றிக்கொண்டது: இந்த ஆளுக்கு இவ்வளவு கொடுக்கலாமா?

அதே நவம்பரில் டானியல் ஓக்ரென்ட் என்ற 31 வயதுக்காரர், டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரத்துக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்தார். பதிப்புத் துறையில் இருந்தவர். ‘டெக்சஸ் மன்த்லி’ பத்திரிகைக்கு ஆலோசனை சொல்லும் வேலை. ரயனின் சம்பளத்தைப் படித்துத்தான் அவருக்கு யோசனை உதித்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் விமானத்தில் உட்கார்ந்து வகுத்த ஆட்டம், எல்லோரும் ஆட்டக்காரர்களை விலை போட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்த ஒரு காலத்தில்தான் பிறந்திருக்க முடியும் என்று தோன்றுகிறது.

விதை பழையது. 1960இல் வில்லியம் கேம்சன் என்ற சமூகவியலாளர் ஹார்வர்டில் தன் சகாக்களோடு ஒரு பந்தயம் ஆரம்பித்தார். சீசன் தொடங்கும்போது ஆளுக்குச் சில நிஜ ஆட்டக்காரர்களைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது. சீசன் முடிந்ததும் அவர்களுடைய புள்ளிவிவரங்களைக் கூட்டிப் பார்த்து யார் ஜெயித்தது என்று சொல்வது. பேராசிரியர்கள் சூதாடுகிறார்கள் என்று பெயர் வரலாமா? அதற்கு ‘பேஸ்பால் செமினார்’ என்று கண்ணியமான பெயர் வைத்தார்கள். கேம்சன் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது செமினாரும் கூடவே போனது. அங்கே அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்க்ளார். பின்னாளில் திரைப்பட வரலாற்றாசிரியராகப் பெயர் பெற்றவர். ஸ்க்ளாரின் மாணவர்தான் ஓக்ரென்ட்.

மாணவர் இதை விரிவாக்கினார். நாலைந்து பேரைப் பொறுக்கிக்கொண்டு சும்மா இருப்பது போதாது. ஒரு அணிக்குத் தேவையான அத்தனை இடங்களையும் நிரப்ப வேண்டும். கேட்சர் வேண்டும், இரண்டாம் பேஸுக்கு ஆள் வேண்டும், பிட்ச்சர்கள் வேண்டும். சீசன் நடுவில் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே அளவு பணம். ஆட்களை ஏலத்தில் எடுக்க வேண்டும்.

ஆஸ்டினில் இறங்கியதும் நண்பர்களிடம் விஷயத்தைச் சொன்னார். பார்பிக்யூ சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். யாருக்கும் ஆர்வம் வரவில்லை. நியூயார்க் திரும்பினார். மான்ஹாட்டனில் கிழக்கு 52ஆம் தெருவில் ‘லா ரோட்டிசரி ஃபிரான்செஸ்’ என்று ஒரு உணவகம். பிலடெல்பியா ஃபில்லீஸ் அணியின் ரசிகர்களான எழுத்தாளர்களும் பதிப்பாசிரியர்களும் அங்கே கூடிச் சாப்பிடுவது வழக்கம். அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். உணவகம் பிறகு இல்லாமல் போனது. ஆனால் உலகில் எந்த மூலையில் யார் இந்த ஆட்டத்தை இந்த முறையில் ஆடினாலும் அதற்கு ‘ரோட்டிசரி’ என்றுதான் பெயர்.

1980 ஏப்ரலில், சீசன் தொடங்கிய கையோடு, மான்ஹாட்டனில் ஒரு வீட்டில் முதல் ஏலம் நடந்தது. வீட்டுக்காரர் கோர்லிஸ் ஸ்மித், தாமஸ் பின்ச்சன் என்ற நாவலாசிரியரின் முதல் நாவலைப் பதிப்பித்தவர். ஏலம் எடுக்க வந்தவர்களில் ‘எஸ்குவயர்’ பத்திரிகையின் லீ ஐசன்பர்க், நாவலாசிரியர் பீட்டர் கெதர்ஸ், கிளென் வேகனர், ஓவியரும் நகைச்சுவை எழுத்தாளருமான புரூஸ் மக்கால், பத்திரிகை நிர்வாகி வேலரி சலெம்பியர் ஆகியோர் உண்டு. ஆண்கள் கூட்டத்தில் வேலரி ஒருவர்தான் பெண். ஒவ்வொருவரும் தன் பெயரையே கிண்டலாக முறுக்கி அணிக்கு வைத்துக்கொண்டார்கள். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்குக் காட்சி புரியும். ஒரே வித்தியாசம், இங்கே ஏலத்தில் போனவர்களுக்குத் தாங்கள் ஏலத்தில் போனது தெரியாது.

விதிகள் சில ஆண்டுகளில் ஒரு வடிவத்துக்கு வந்து நிலைத்தன. ஆளுக்கு 260 டாலர். அதற்குள் 23 பேர்: பேட்டர்கள் 14, பிட்ச்சர்கள் 9. எட்டுக் கணக்குகள். பேட்டர்களுக்கு பேட்டிங் சராசரி, ஹோம் ரன், தன் அடியால் வரவழைத்த ரன்கள், பேஸ் திருட்டு. பிட்ச்சர்களுக்கு வெற்றிகள், கடைசியில் வந்து வெற்றியைக் காக்கும் சேவ், ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன் சராசரி. எட்டாவதாக, ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை பேரை பேஸுக்குப் போகவிட்டார் என்பதைக் காட்டும் ஒரு விகிதம். இந்தக் கடைசிக் கணக்கை ஓக்ரென்ட்டே இந்த ஆட்டத்துக்காக உருவாக்கினார். இன்று ‘விப்’ என்ற பெயரில் நிஜ பேஸ்பாலின் தொலைக்காட்சித் திரைகளிலேயே அது ஓடுகிறது. விளையாட்டாகச் செய்த ஒன்று, நிஜமான விளையாட்டுக்குள் புகுந்துகொண்டது.

இதில் புள்ளி கொடுக்கும் முறைதான் பட்ஜெட் போடும் கலையையே பிறப்பித்தது என்பேன். பத்து அணிகள் என்றால், ஒவ்வொரு கணக்கிலும் முதலிடத்துக்குப் பத்துப் புள்ளி, கடைசி இடத்துக்கு ஒன்று. அடுத்தவரைவிட ஒரு ஹோம் ரன் கூடுதலாக இருந்தாலும் அதே பத்துதான், எண்பது கூடுதலாக இருந்தாலும் அதே பத்துதான். ஆக, ஒரு கணக்கில் தேவைக்கு மேல் வாங்கிக் குவித்த பணமெல்லாம் தண்டம். எட்டுக் கணக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக முந்தி நிற்பவர்தான் கெட்டிக்காரர். நல்ல ஆட்டக்காரர் யார் என்று தெரிந்தவர்கள் நியூயார்க்கில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அவருக்கு இருபத்தெட்டு டாலருக்கு மேல் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது என்று தெரிந்தவர்தான் இங்கே பிழைக்க முடியும்.

இந்தப் பாடத்துக்குக் கொடுத்த முதல் விலை பதிவாகியிருக்கிறது. 1981இல் ‘இன்சைட் ஸ்போர்ட்ஸ்’ பத்திரிகையில் ஓக்ரென்ட் தங்கள் முதல் சீசனைப் பற்றி எழுதினார். ஜார்ஜ் ஃபாஸ்டர் 36 டாலர் பெறாமல் போன ஆண்டு என்பதுதான் கட்டுரையின் தலைப்பே. ஃபாஸ்டர் சாமானியர் இல்லை. 1977இல் 52 ஹோம் ரன் அடித்தவர். 1980இலும் மோசமில்லை, 25 அடித்தார். ஆனால் 36 டாலர் என்பது கையிருப்பில் ஏழில் ஒரு பங்கு. அதே ஆண்டில் மைக் ஷ்மிட் 48 அடித்தார். மைதானத்தில் ஃபாஸ்டரை யாரும் தோற்றவர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஏலச் சீட்டில் அவர் நஷ்டம்.

நேர்மாறான உதாரணம் வின்ஸ் கோல்மன். 1985இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் புதுமுகமாக வந்து 110 பேஸ் திருடினார். ஹோம் ரன் அந்த ஆண்டு முழுவதும் ஒன்றே ஒன்று. அடுத்த ஆண்டு அதுவும் இல்லை, பேட்டிங் சராசரியும் .232க்கு இறங்கியது. திருட்டு மட்டும் 107. நிஜ அணியின் பயிற்சியாளர் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு தலையைச் சொறியலாம். ரோட்டிசரிக்காரருக்கு அவர் தங்கச் சுரங்கம்: ஒரே ஆளை வாங்கி ஒரு கணக்கு முழுவதையும் கைக்குள் போட்டுக்கொண்டு, மீதிப் பணத்தை வேறு ஏழு கணக்குகளுக்கு ஒதுக்கலாம். கடைசி நேரத்தில் வந்து வெற்றியைக் காப்பாற்றும் குளோசர்களுக்கும் இதே மவுசுதான். அவர்கள் வீசுவது கொஞ்ச நேரம். ஆனால் சேவ் என்ற கணக்கு முழுதும் அந்த ஒரு சில பேரின் கையில் இருக்கிறது.

ஓக்ரென்ட் கூட்டம் நேஷனல் லீகை மட்டும் வைத்து ஆடியது. அப்போது அந்த லீகில் 12 அணிகள், அணிக்கு 25 பேர், மொத்தம் 300 பேர். பத்துப் பேர் கொண்ட ஒரு ரோட்டிசரி லீக் ஆளுக்கு 23 பேரை எடுத்தால் 230 பேர் போய்விடுவார்கள். அப்படியென்றால் பெஞ்சில் உட்காருபவர்களையும் வாங்கித்தான் தீர வேண்டும். இரண்டாவது கேட்சர் என்ற இடத்துக்குக் கடைசியில் யார் மிஞ்சுகிறார் என்று தேடிப் பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அத்தகையவர்களுக்கு விலை ஒரு டாலர். ஏலத்தின் கடைசி மணி நேரம் முழுக்க இந்த ஒரு டாலர் ஆட்களின் ஊர்வலம்தான்.

ஆனால் அந்த ஒரு டாலரை ஒதுக்கி வைத்தாக வேண்டும். நாலு இடம் காலி, கையில் 20 டாலர் என்றால் ஒருவருக்குக் கேட்கக்கூடிய அதிகபட்ச விலை 17. மீதி மூன்று இடங்களுக்கு ஆளுக்கொரு டாலர் வேண்டுமே. எதிரே இருப்பவரிடம் பன்னிரண்டுதான் கேட்க முடியும் என்று தெரிந்தால் பதின்மூன்றில் ஆளைத் தூக்கிவிடலாம். எனவே தன் கணக்கோடு அடுத்தவர் கணக்கையும் சேர்த்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஏலம் முடியும்போது கையில் பணம் மிஞ்சினால் அது சிக்கனத்துக்குப் பரிசு தராது. மிஞ்சியது காற்றோடு போகும்.

இங்கிருந்துதான் உத்திகள் பிறக்கின்றன. ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று பெரிய நட்சத்திரங்களுக்குப் பாதிப் பணத்தைக் கொட்டிவிட்டு மீதி இடங்களை ஒரு டாலர், இரண்டு டாலர் ஆட்களால் நிரப்புவது ஒரு வழி. கல்யாண ஜவுளிக்குப் போய் மணப்பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முதல் கடையிலேயே பாதிப் பணத்தைத் தீர்த்துவிட்டு, மீதிச் சொந்தங்களுக்கெல்லாம் துண்டு வாங்குவதுபோல. இதில் ஆபத்து வெளிப்படை: நட்சத்திரத்தின் முழங்கால் ஜூன் மாதம் மடங்கினால் கதை முடிந்தது. ஆனால் லாபமும் உண்டு. ஒரு டாலர் ஆள் சரியில்லை என்றால் அவரை மாற்ற மனம் நோகாது. எதிர்வழி, எவருக்கும் பெரிய விலை தராமல் பன்னிரண்டு, பதினைந்து டாலர் ஆட்களாகவே சேர்ப்பது. பதற்றம் குறைவு. இந்த வழியில் போகிறவர்கள் இரண்டாம் மூன்றாம் இடத்தில் அடிக்கடி வருவதாக என் அபிப்பிராயம், நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

இன்னொரு தந்திரம் பெயர் சொல்லும் முறையில் இருக்கிறது. முறை வைத்து ஒவ்வொருவரும் ஏலத்துக்கு ஒரு பெயரை விட வேண்டும். முதல் சில சுற்றுகளில் தனக்கு வேண்டாத, ஆனால் மற்றவர்கள் ஏங்கும் பெயர்களை விடுவார்கள் அனுபவசாலிகள். எல்லோர் பையும் காலியாகட்டும், நமக்கு வேண்டியவர் பிறகு வரட்டும் என்ற கணக்கு. ஒருவர் இப்படிச் செய்தால் புத்திசாலித்தனம். பத்துப் பேரும் செய்தால், யாருக்கும் வேண்டாத ஒருவரின் பெயர் விழுந்து அறை அமைதியாகி, சொன்னவர் தலையிலேயே அவர் கட்டப்படும் நாடகமும் நடக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி பேட்டருக்கு எவ்வளவு, பிட்ச்சருக்கு எவ்வளவு என்பது. புள்ளிகளில் சரிபாதி பிட்ச்சர்களிடமிருந்து வருகிறது. நியாயப்படி 130, 130 என்று பிரிக்க வேண்டும். எந்த ஏலத்திலும் அப்படிப் பிரிவதில்லை. சுமார் 180 டாலர் பேட்டர்களுக்கும் 80 டாலர் பிட்ச்சர்களுக்கும் என்ற அளவில்தான் வந்து நிற்கிறது. காரணம் பயம். பேட்டர் சென்ற ஆண்டு என்ன செய்தாரோ கிட்டத்தட்ட அதையே இந்த ஆண்டும் செய்வார். பிட்ச்சரின் தோள்பட்டை எப்போது மக்கர் செய்யும் என்று யாருக்கும் தெரியாது. நன்றாக வீசினாலும் தன் அணி ரன் எடுக்காவிட்டால் வெற்றி அவர் கணக்கில் ஏறாது. ஊகிக்க முடியாத சரக்குக்கு யார் முழு விலை கொடுப்பார்கள்?

அந்தப் பயத்தைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர்கள் உண்டு. 1990களில் ஒருவர் 251 டாலரைப் பேட்டர்களுக்கே செலவழித்து, ஒன்பது பிட்ச்சர்களையும் ஆளுக்கு ஒரு டாலருக்கு எடுத்துப் பார்த்தார். அந்த உத்தி இன்றும் பேசப்படுகிறது. தைரியமில்லாதவர்கள் செய்து பார்க்கக் கூடாது.

இதற்கு ஒரு நடுவழி கண்டவர் ரான் ஷாண்ட்லர். 1980களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் ‘பேஸ்பால் ஃபோர்காஸ்டர்’ என்ற கணிப்பு நூலைக் கொண்டுவந்தவர். 1998வாக்கில் அவர் வகுத்த திட்டத்துக்கு லிமா என்று பெயர். பிட்ச்சர்களுக்கு 60 டாலருக்கு மேல் கிடையாது. 200 டாலரைப் பேட்டர்களுக்கு வைத்துவிட வேண்டும். அந்த அறுபதில் யாரை வாங்குவது? வெற்றி தோல்விக் கணக்கைப் பார்க்காதே, ரன் சராசரியையும் நம்பாதே என்றார். வாக் (பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புவது) கொடுப்பதைப் போல இரு மடங்காவது ஸ்டிரைக்அவுட் எடுக்கிறாரா? ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு ஹோம் ரனுக்கு மேல் கொடுக்காமல் இருக்கிறாரா? இவை ஆளின் கைத்திறனைக் காட்டும். மற்றவை அதிர்ஷ்டம் கலந்தவை. திறன் இருந்தும் சென்ற ஆண்டு அதிர்ஷ்டம் இல்லாமல் போனவரைச் சந்தை மலிவாக விற்கும். அவரை எடு.

பெயருக்குரியவர் ஹோசே லிமா. 1997இல் ஹூஸ்டன் அணிக்கு வீசியபோது ரன் சராசரி 5.28, கேட்பார் இல்லை. 1998இல் ஒரு டாலருக்கு ஏலத்தில் கிடைத்த அந்த ஆள் 16 வெற்றி கொடுத்தார். 1999இல் 21. ஏலக்காரர்களின் குலதெய்வம் ஆகிவிட்டார். 2000இல் ஹூஸ்டன் அணி புது மைதானத்துக்குக் குடிபோனது. லிமா அந்த ஆண்டு 48 ஹோம் ரன் கொடுத்தார், 16 தோல்வி, சராசரி 6.65. அதற்குள் விலை ஏறியிருந்த அவரை நம்பி எடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று விவரிக்க வேண்டியதில்லை. திட்டம் சொன்னது மலிவாக வாங்கு என்று. லிமாவை வாங்கு என்று அது சொல்லவில்லை. 2010இல், 37 வயதில், லிமா இறந்துபோனார். திட்டம் அவர் பெயரைச் சுமந்துகொண்டு இருக்கிறது.

பணவீக்கம் என்ற பூதமும் இந்தச் சின்ன உலகத்துக்குள் உண்டு. பழைய ரோட்டிசரி விதிப்படி, சென்ற ஆண்டு எடுத்தவர்களில் 15 பேர் வரை அதே விலைக்கு அடுத்த ஆண்டும் வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்பவர்கள் யார்? மலிவாகக் கிடைத்தவர்கள்தான். 12 அணிகள் கொண்ட லீகில் மொத்தப் பணம் 3,120 டாலர். 1,000 டாலர் பெறுமானமுள்ள ஆட்களை எல்லோருமாகச் சேர்ந்து 600 டாலருக்கு வைத்துக்கொண்டார்கள் என்று வைப்போம். ஏலத்துக்கு மிஞ்சுவது 2,520 டாலர் பணம், 2,120 டாலர் சரக்கு. எல்லா விலையும் சுமார் 19 சதவீதம் ஏறும். முப்பது டாலர் ஆளை முப்பதுக்கு மேல் தொடமாட்டேன் என்று சபதம் போட்டு வந்தவர், அவர் முப்பத்தாறுக்குப் போவதைப் பார்த்துச் சிரிப்பார். ஏலம் முடிந்து, கையில் செல்லாப் பணத்தோடு நிற்கும்போது சிரிப்பு நின்றுவிடும்.

ஆட்டம் பரவியதற்குக் காரணம், முதல் கூட்டத்தில் பாதிப்பேர் எழுதிப் பிழைப்பவர்களாக இருந்ததுதான். 1981இல் ஆட்டக்காரர்கள் ஜூன் முதல் ஜூலை இறுதிவரை வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுத ஆட்டமில்லாத விளையாட்டு நிருபர்கள் தங்கள் ரோட்டிசரி அணிகளைப் பற்றி எழுதினார்கள். 1982இல் ‘யுஎஸ்ஏ டுடே’ தொடங்கி, எல்லா ஆட்டங்களின் விவரக் கணக்கையும் நாடெங்கும் தந்தது. 1984இல் வேகனர் தொகுத்து விதிகளைப் புத்தகமாக்கினார். அதுவரை வாரப் பத்திரிகைகளைப் பார்த்துக் கையால் கூட்டிக்கொண்டிருந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. 1994இல் லேபர், 1998இல் ஷாண்ட்லர் குழுவினரின் டௌட் வார்ஸ் என்று நிபுணர்களுக்கென்றே லீகுகள் வந்தன. எட்டுக் கணக்கு பத்தானது: பேட்டர் எடுத்த ரன்களும் பிட்ச்சரின் ஸ்டிரைக்அவுட்களும் சேர்ந்தன. இணையத்தில் ஆடும் பெரும்பாலானோர் இன்று ஏலத்தை விட்டு, முறை வைத்து ஆள் பொறுக்கும் வழிக்குப் போய்விட்டார்கள். அதில் நேரம் மிச்சம். என்னைக் கேட்டால் ஆட்டத்தின் உயிரும் போய்விடுகிறது.

முதல் சீசனைக் கெதர்ஸும் வேகனரும் சேர்ந்து நடத்திய அணி ஜெயித்தது. வென்றவர் தலையில் ‘யூ-ஹூ’ என்ற சாக்லேட் பானத்தைக் கொட்டுவது அவர்கள் மரபு. ஓக்ரென்ட் தலையில் அது விழவேயில்லை. பிற்பாடு அவர் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழின் முதல் வாசகர் தரப்பு ஆசிரியரானார், வரலாற்று நூல்கள் எழுதினார். தான் உருவாக்கிய லீகை மட்டும் ஒருமுறைகூட வெல்லவில்லை.

சம்பளங்கள் ரயன் காலத்திலிருந்து பல மடங்கு ஏறிவிட்டன. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்கு நியூயார்க் மெட்ஸ் 15 ஆண்டுகளுக்கு 765 மில்லியன் டாலர் ஒப்புக்கொண்டது. ஏலக்காரர்களின் 260 மட்டும் அசையவில்லை. அதற்குள்ளே போட்ட 14, 9 என்ற கோட்டைத்தான் ஒருவர் வந்து கலைத்திருக்கிறார். 2018இல் அமெரிக்கா வந்த ஷோஹெய் ஓடானி பேட்டரும் ஆவார், பிட்ச்சரும் ஆவார். சில லீகுகள் அவரை இரண்டு ஆட்களாகப் பிரித்துத் தனித்தனியே ஏலம் விடுகின்றன. வேறு சில ஒரே ஆளாக வைத்து, எந்தப் பக்கக் கணக்கை எடுத்துக்கொள்வது என்பதை வாங்கியவரே அவ்வப்போது சொல்லட்டும் என்று விட்டுவிடுகின்றன. இரண்டாவது வகை லீகில் உட்காருபவர், முதல் பெயர் விழுவதற்கு முன்பே, ஓடானிக்கான பணத்தை 180இல் கழிப்பதா 80இல் கழிப்பதா என்று எழுதிவைத்துக்கொள்வது நல்லது.